ஏவலுக்கு நடுவே ஒரு கைக்கிளை: ‘ஃபன்றி’ படத்தை முன்வைத்து

2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி, காதலர் தினத்தன்று, மகாராஷ்டிரத்தில் ஒரு மராத்திப் படம் வெளியானது. பெயர் ‘ஃபன்றி’. அடுத்த வாரம் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், நாசிக் பக்கத்து மனிதர், டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்: “இதென்ன பேரு? மராத்தி மாதிரி தெரியலையே, இங்கிலீஷா?” இரும்பு உருக்கி வார்க்கிற பவுண்டரியைத்தான் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். “டுக்கர்” என்றேன். பன்றி. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்றார். “எங்க மொழியில அதுக்கு அதுதானே பேரு!” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் மராத்திக்காரர்களிடம் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டே பழக்கப்பட்டவனுக்கு, ஒரு மராத்திப் படத்தின் தலைப்புக்கு அர்த்தம் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தால் விடுவானா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் படம் பார்த்தோம். பெருமை கொஞ்சம் இறங்கிப்போனது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சங்க மலரில் ஒரு மராத்திப் படத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும் என்பதால், முதலில் அந்தப் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

படத்தில் வரும் குடும்பம் கைக்காடி என்னும் சமூகத்தைச் சேர்ந்தது. கூடை முடைவது இவர்களது பரம்பரைத் தொழில். இவர்கள் வீட்டுக்குள் பேசும் மொழிக்கும் கைக்காடி என்றே பெயர். மராத்தி சூழ்ந்த மண்ணில் ஒரு திராவிட மொழி. கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வில், 1906-இல் வந்த நான்காம் தொகுதியில், கொரவ, இருள ஆகியவற்றோடு கைக்காடியும் தமிழின் கிளைவழக்காகவே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. பின்னாளில் இதைத் தனி மொழி என்று பிரித்துப் பார்த்தவர்கள்கூடத் தமிழுக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள். ஆகவே தமிழில் எழுதும்போது ‘ஃபன்றி’ என்றே எழுதினால் தப்பில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் எழுத்தில் பன்றி என்று எழுதினாலும், வாயில் வருவது பன்னிதான். தமிழ் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு வரவழைக்கப் பார்த்த அந்த ‘ன்ற’ ஒலியை, பள்ளிக்கூடமே போகாத கைக்காடிப் பெரியவர் ஒருவர் சோலாப்பூர்ப் பக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சொந்தம் நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்றால், தெரிந்துகொள்ளும் தேவை நமக்கு ஏற்படவில்லை. கைக்காடிகள் வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரையினர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். சோலாப்பூரில் இவர்களைப் போன்றவர்களை அடைத்துவைத்த ‘செட்டில்மெண்ட்’ இருந்தது. 1952-இல் அந்தச் சட்டம் போயிற்று. அதன் பிறகு விதர்ப்ப மாவட்டங்களில் பட்டியல் சாதி, மகாராஷ்டிரத்தின் மற்ற பகுதிகளில் ‘விமுக்த ஜாதி’ என்று ஒரே சமூகம் இரண்டு பெயரில் அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. லட்சுமண் மானே என்ற கைக்காடி எழுத்தாளர் தம் வாழ்க்கையை ‘உபரா’ என்ற நூலாக எழுதினார். 1980-இல் வந்த அந்த நூலுக்கு அடுத்த ஆண்டே சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. ‘உபரா’ என்றால் வெளியாள், எங்கேயும் ஒட்டாதவன். பம்பாயில் குடியேறிய நாமும் நம்மைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வது உண்டு. சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்த நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்லிக்கொள்வார்கள்.

இயக்குநர் நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டம் கர்மாளா தாலுகா ஜேவூரைச் சேர்ந்தவர். சென்னை மெயிலில் போய் வருகிற நமக்கெல்லாம் தெரிந்த வழிதான். தௌண்ட் தாண்டிக் குர்டுவாடி வருவதற்குள் ஜேவூர் வரும். பெரும்பாலும் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவோம். அவர் கவிஞரும்கூட. முதலில் ‘பிஸ்துல்யா’ என்று ஒரு குறும்படம் எடுத்துத் தேசிய விருது வாங்கினார். ‘ஃபன்றி’ அவருடைய முதல் முழுநீளப் படம். இதற்கு, ஓர் இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான இந்திரா காந்தி விருது கிடைத்தது. கதாநாயகச் சிறுவன் ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. அந்த ஆண்டு அதே விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் நம் ‘தங்க மீன்கள்’ சாதனா என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷம் கழித்து மஞ்சுளே எடுத்த ‘சைராட்’ வசூலில் மராத்தி சினிமாவையே புரட்டிப்போட்டது. அதைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் என்றால் ‘ஃபன்றி’யைப் பார்த்தவர்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம். என் கட்சி ‘ஃபன்றி’தான்.

கதை என்று பார்த்தால் ஒரு விடலைப் பையனின் காதல் கதை. ஜம்புவந்த் கச்ரு மானே, சுருக்கமாக ஜப்யா, ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் இருப்பவன். அப்பா கச்ரு ஊரார் சொன்ன வேலையெல்லாம் செய்பவர். அம்மாவும் அக்காமாரும் கூடை முடைகிறார்கள். ஜப்யாவுக்குக் கூடப் படிக்கும் ஷாலு என்ற மேல்சாதிப் பெண்ணின் மீது காதல். அவளிடம் மனம் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. வகுப்பில் அவள் பின்னலைப் பார்க்கிறான், திருவிழாவில் தூரத்திலிருந்து பார்க்கிறான். கடிதம் எழுதுகிறான். அது அவள் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு கருங்குருவியைப் பிடித்து எரித்து, அந்தச் சாம்பலைத் தூவினால் அவள் வசமாவாள் என்று ஒரு நம்பிக்கை. நண்பன் பிர்யாவைக் கூட்டிக்கொண்டு, உண்டிவில்லும் கையுமாக முள்ளுக்காட்டில் அலைகிறான். மூக்கு எடுப்பாக வரட்டும் என்று துணி மாட்டும் கிளிப்பை மூக்கில் செருகிக்கொள்கிறான். ஜீன்ஸ் பேண்ட் வாங்கக் காசு சேர்க்க, சைக்கிளில் ஐஸ் விற்கப் போகிறான். சைக்கிள் மீது ஒரு வண்டி ஏறி நசுங்கிப்போகிறது. பேண்ட் கனவும் அதோடு போயிற்று.

இதுவரை கேட்டால் சிரிப்பும் பரிவுமாக ஒரு பால்ய காலக் கதை. படத்தின் முதல் பாதியில் சிரிப்புக்குக் குறைவும் இல்லை. பிர்யாவாக வரும் சூரஜ் பவாரின் முகம் ஒன்று போதும். ஆனால் கவனித்துப் பார்த்தால், இந்தக் காதல் ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் கூப்பிடுகிறார். “ஏய் ஜப்யா, இங்கே வா!” ஒரு குழியில் பன்றிக்குட்டி விழுந்துவிட்டது, எடு. ஷாலுவும் அங்கே நிற்கிறாள். அவன் மாட்டேன் என்கிறான். அவன் மறுத்த வேலையை அப்பா வந்து செய்ய வேண்டியிருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு வரதட்சணைப் பணம் வேண்டும், ஆகவே வேலைக்கு வா. பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றால், இன்றைக்கு வேண்டாம். ஊருக்குள் திரியும் பன்றிகள் சாமி ஊர்வலத்துக்குள் புகுந்துவிட்டன. ஊர்ப் பெரியவர்கள் கச்ருவிடம் சொல்கிறார்கள், பிடி. கச்ரு வீட்டாரிடம் சொல்கிறார், வாங்க.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. படித்ததைக் காட்டிக்கொள்ள அல்ல. ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்து, மறுமொழி கிடைக்காமலே தனக்குத்தானே பேசி மகிழ்கிறவன் நிலையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இலக்கணமாக்கியவர்கள் நாம். ஜப்யாவின் கதை அதுவேதான். ஆனால் அகத்திணையியலில் அதை ஒட்டி இன்னொரு விதியும் இருக்கிறது. நாம் மேடைகளில் அதிகம் சொல்வதில்லை. அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் பிறர்க்கு வேலை செய்வோரையும், எங்கே வைப்பது என்ற விதி. ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளில் அவர்களை வைக்கத் தடையில்லை என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஏன் ஐந்திணையில் வைக்கவில்லை என்பதற்கு இளம்பூரணர் காரணங்கள் தருகிறார். அறம் பொருள் இன்பம் மூன்றும் தவறாமல் நடப்பது பிறர் ஏவலைச் செய்பவர்க்கு அரிது. அவர்களுக்கு நாணம் குறைவு. குறிப்பறிந்து பேசாமல் வேட்கை போன வழியே பேசுவார்கள். இன்பத்தை நன்றாக நடத்துகிறவர்கள் பிறர் ஏவலுக்கு ஆட்படாதவர்களே. இவைதாம் அவர் சொல்வதன் சாரம்.

முதற்காரணத்தையும் கடைசிக் காரணத்தையும் ‘ஃபன்றி’ அப்படியே ஒத்துக்கொள்கிறது. காதலிக்கப் பொழுது வேண்டும். யாரும் கூப்பிடாத பொழுது வேண்டும். குறிஞ்சித் தலைவனுக்குத் தினைப்புனத்தில் நிற்கப் பகலெல்லாம் இருக்கிறது. வேட்டைநாயும் வில்லுமாக வந்து, மானைக் கண்டீர்களா என்று சும்மா கேட்டுக்கொண்டே நிற்கலாம். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு லைட்டைப் பிடி என்று சொல்ல யாரும் இல்லை. ஜப்யாவும் உண்டிவில்லோடு காட்டில் அலைகிறவன்தான், அவன் தேடுவது குருவி என்பது மட்டும் வித்தியாசம். அந்தக் காட்டுப் பொழுதுகளில் அவன் சங்கத் தலைவனாகவே தெரிகிறான். ஒரு கூப்பாட்டில் அது கலைந்துவிடுகிறது.

(கைக்காடியைக் கிரியர்சன் கொரவ வழக்கோடு வைத்ததையும், நம் இலக்கியத்தில் குறிஞ்சிக்கு உரியவர் குறவர் என்பதையும் முடிச்சுப் போட்டு, ‘அகத்திணையின் முதல் நிலத்துக்காரன் இன்று பன்றி பிடிக்கிறான்’ என்று ஒரு நண்பர் கண்கலங்கப் பேசினார். பெயர் ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கண்கலங்கியதைக் குறை சொல்லவும் முடியவில்லை.)

உரைகாரரோடு படம் முரண்படுவது நாணத்தில். ஏவல் செய்பவர்க்கு நாணம் குறைவாம். இந்தப் படம் முழுக்க நாணத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? திருவிழாக் காட்சியைச் சொல்கிறேன். புதுச் சட்டையும் பவுடர் பூசிய முகமுமாக ஜப்யா கூட்டத்துக்குள் போய் ஆடுகிறான். ஷாலு பார்க்கும் இடத்தில்தான் ஆடுகிறான். சிறிது நேரம் அந்த ஊரின் எல்லாப் பையன்களையும் போல அவனும் ஒரு பையன். அப்பா தேடிக்கொண்டு வந்து அவனை இழுத்துப் போய் விளக்குத் தூக்கச் சொல்கிறார். நம்மூரில் காஸ் லைட் என்போம், பெட்ரமாக்ஸ் என்போம், அது. ஊர்வலத்துக்கு வெளிச்சம் காட்டுவது அவர்கள் குடும்பத்தின் வேலை. பையன் விளக்கைச் சுமந்து நிற்கிறான். எதிரே மற்றவர்கள் ஆடுகிறார்கள். அவன் சுமக்கும் வெளிச்சம் அவன் முகத்தையே ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது. அழுகிறான். காமிரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வசனம் கிடையாது. விக்ரம் அம்லாடியின் ஒளிப்பதிவைப் பற்றித் தனியாக எழுத எனக்குத் தெரியாது. அந்த முகத்தை மறக்க முடியவில்லை என்று மட்டும் எழுதத் தெரியும்.

நாணம் இல்லாதவனா அவன்? பன்றி பிடிக்கும் நீண்ட கடைசிக் காட்சியில் அவன் மறைவாகப் போய் ஒளிந்துகொள்கிறானே, எதற்கு? பன்றிக்குப் பயந்தா? பக்கத்தில் பள்ளிக்கூடம். கூடப் படிக்கும் பையன்களும் பெண்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். ஷாலுவும் நிற்கிறாள். அப்பா கண்டுபிடித்து இழுத்து வந்து எல்லார் முன்னாலும் அடிக்கிறார். கிஷோர் கதம் இந்த அப்பாவாக நடித்திருக்கிறார். அவரும் ‘சௌமித்ர’ என்ற பெயரில் எழுதுகிற கவிஞர். குனிந்தே நடந்து கூன் விழுந்த மாதிரி ஒரு முதுகை இந்தப் படத்துக்காக அவர் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார். மகனை அடிக்கும்போதுகூட அந்த முதுகு நிமிர்வதில்லை. அந்த அடியில் கோபத்தைவிட, நானும்தானே இத்தனை வருஷமாக இதே நாணத்தை விழுங்கினேன், உனக்கு மட்டும் என்னடா என்ற கேள்வி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அம்மாவாக வரும் சாயா கதமைச் சமீபத்தில் பாயல் கபாடியாவின் படத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். இங்கே அவருக்கு அதிகம் பேச்சில்லை.

விடலைக் காதல் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவு வருவது 1979-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’. எனக்கு உயிரான படம். ஆனால் ‘ஃபன்றி’யைப் பார்த்துவிட்டு மறுபடி அதைப் போட்டுப் பார்த்தபோது, இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது. அந்தப் பையன்களுக்கு எத்தனை பொழுது! ஆற்றில் குளிக்கிறார்கள், சுற்றுகிறார்கள், புதிதாக வந்த டீச்சரைப் பார்த்து ஏங்குகிறார்கள். அவர்களைத் தொடுவது சாவு ஒன்றுதான், ஏவல் தொடுவதில்லை. இது அந்தப் படத்தின் குறையென்று சொல்ல வரவில்லை. பால்யம் என்றாலே பொழுது நிறைந்தது என்று அந்தப் படமும் நம்பியது, பார்த்த நாங்களும் நம்பினோம். 2024-இல் மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தபோதுதான் தமிழில் அந்த நம்பிக்கை உடைந்தது. டீச்சர் மேல் பிரியம் வைத்த பையன் அங்கேயும் உண்டு. ஆனால் அவன் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். கழுத்து வலிக்கிற வலியைப் பார்ப்பவனுக்கும் கடத்திவிடுகிறார் அந்த இயக்குநர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஒரு நாள் நம் சங்கத்தில் திரையிட்டால் நன்றாயிருக்கும்.

‘ஃபன்றி’யிடம் எனக்குக் குறைகளும் உண்டு. முதலாவது ஷாலு. அவள் யார்? அவளுக்கு இவன் பார்ப்பது தெரியுமா, பிடிக்குமா? படம் ஒன்றுமே சொல்வதில்லை. ஜப்யாவின் கண் வழியாக மட்டும் பார்க்கிறோம், அவனுக்கே அவளைத் தெரியாது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். கைக்கிளையின் இலக்கணமும் அதுவே. ஆனாலும் கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவள் சிரிக்கும்போது, அவள் சிரிப்புக்குள் ஒரு கணமாவது எட்டிப் பார்க்கவிட்டிருந்தால் படம் இன்னும் கனத்திருக்கும். அவளும் பதின்மூன்று பதினான்கு வயசுக் குழந்தைதானே. இரண்டாவது, மஞ்சுளே தாமே ஏற்றிருக்கும் சங்க்யா என்ற சைக்கிள் கடைக்காரர் பாத்திரம். ஜப்யாவுக்கு இருக்கும் ஒரே பெரியவர் துணை அவர். அவருடைய பழைய கதையைக் கோடி காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதாகச் சிலர் சொல்வது, பிடித்த பன்றியைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு குடும்பம் போகும்போது, பின்னால் பள்ளிக்கூடச் சுவரில் அம்பேத்கர், ஃபுலே முதலானோரின் படங்கள் வரிசையாகத் தெரிகின்றனவே, அது கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இல்லையா என்பது. முதல் தடவை எனக்கும் அப்படித் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. மகாராஷ்டிரத்தில் எந்தப் பள்ளிக்கூடச் சுவரிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன. இயக்குநர் கொண்டுபோய் மாட்டவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சோகாமேளாவின் பாட்டைப் பாடமாக நடத்துகிற காட்சியும் வருகிறது. தீண்டப்படாத குலத்தில் பிறந்த பக்தர் அவர். பையன்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மணி அடிக்கிறது, வெளியே வந்து ஜப்யாவைச் சீண்டுகிறார்கள். நந்தனார் சரித்திரத்தைக் கண்ணீரோடு கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வேறு டம்ளரில் காப்பி கொடுத்த ஊர்க்காரன் நான். எனக்கு அந்தக் காட்சியில் மிகை ஏதும் தெரியவில்லை.

தேசிய கீதக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெகுநேரம் துரத்திய பன்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் தேசிய கீதம் தொடங்குகிறது. ஜப்யா விறைத்து நின்றுவிடுகிறான். அவனைப் பார்த்து அப்பாவும் மற்றவர்களும் நிற்கிறார்கள். பன்றிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அது பாட்டுக்குப் போய்விடுகிறது. அரங்கில் முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. மகாராஷ்டிரத் தியேட்டர்களில் 2003-லிருந்தே படத்துக்கு முன்னால் கீதம் போடும் வழக்கம் உண்டு, நாங்களும் எழுந்து நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். இப்போது படத்துக்குள் கீதம் வந்ததும் எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். எழுந்தவர்களைப் பார்த்து இன்னும் சிலர். நான் பாதி எழுந்து, எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையிலே அந்தக் குடும்பம் அசையாமல் நிற்கிறது, இங்கே நாங்கள். எந்த விமர்சகரும் எழுதிவிட முடியாத ஒரு நிமிஷம் அது. படத்துக்குள் வரும் கீதத்துக்கு எழுந்து நிற்கத் தேவையில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

இனிச் சொந்தக் கதை ஒன்று. 1969-இல் எங்கள் அக்கா கல்யாணம், கோவில்பட்டிப் பக்கத்து கிராமம். மாப்பிள்ளை அழைப்பு ராத்திரியில். காருக்கு இரண்டு பக்கமும் காஸ் லைட்டைத் தலையில் சுமந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்கிறவன். எட்டாங்கிளாஸ். வெளிச்சத்துக்கு அடியில் அவன் முகம் வியர்த்திருந்தது, தலையைச் சுற்றிப் பூச்சிகள். என்னைப் பார்த்தான். நான் வேட்டி கட்டிச் சந்தனம் வைத்திருந்தேன். என் சித்தப்பா மகன், “டேய், உங்க கிளாஸ் பையன்டா” என்றான். நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வந்து வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். வருஷம் முடிகிற வரைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு முன்பு பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அந்த வகுப்பில் யார் மேலாவது பிரியம் இருந்ததா, அவளும் அன்றைக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்தாளா என்றெல்லாம் யோசித்துப் பார்க்க எனக்கு நாற்பத்தைந்து வருஷமும் ஒரு மராத்திப் படமும் வேண்டியிருந்தது.

படம் முடியும் விதம் பலருக்கும் தெரிந்திருக்கும். கேலி அளவு மீறிப் போகிறது. ஜப்யா கற்களைப் பொறுக்கி வீச ஆரம்பிக்கிறான். கடைசிக் கல் காமிராவை நோக்கி, அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் பக்கமாக வருகிறது. திரை இருண்டுவிடுகிறது. இது வன்முறையைத் தூண்டுவது என்று என்னோடு வாதாடியவர்கள் உண்டு. படம் முழுக்க அந்தப் பையன் குருவியின் மீது வீசிய கற்களை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணை வசியம் செய்யலாம் என்ற கனவுக்காக வீசிய கை, கனவு போனதும் கல் வந்த திசையைத் திருப்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். கைக்கிளை என்று நாம் ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து அவன் வெளியே வரும் முதல் அடி அது என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்த அடி காதலுக்குள் வராமல் கோபத்துக்குள் வருகிறது என்பதுதான் துக்கம். விளக்குகள் போட்ட பிறகும் என் மனைவி எழுந்திருக்கவில்லை. “நம்ம ஊர்ப் படம்ங்க இது” என்றாள். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

நாசிக் நண்பர் அதற்கு அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலையிலிருந்து படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பைல் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது கேட்டார், “அந்த வார்த்தை உங்க மொழியிலன்னு சொன்னியே, ஆளுங்களைத் திட்டவும் அதைச் சொல்வீங்களா?”

ஆமாம், சொல்வோம் என்றேன்.